போட்டிக்காரன் வீட்டில் படித்த பாடம்

சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்குப் போகும் டிரங்க் ரோட்டில், மறைமலை நகரில், அமெரிக்காவின் போர்டு கம்பெனி கட்டிய பெரிய மோட்டார் தொழிற்சாலை இருக்கிறது. 1999-ம் வருஷத்திலிருந்து அங்கே கார்கள் உற்பத்தியாகி வந்தன. 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. அத்தோடு கார் வேலை நின்றது. இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக முந்தின வருஷம் செப்டம்பரில் கம்பெனி அறிவித்தபோதே, சுமார் 4,000 பேருடைய வேலை பாதிக்கப்படும் என்று அதுவே கணக்குச் சொல்லியிருந்தது.

அதே ரோட்டில் இன்னும் சில மைல் தெற்கே போனால் மகிந்திரா கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடம். 2012-ல் திறந்தது. அந்தக் கம்பெனி விற்கிற புதுப்புது வண்டிகளின் அமைப்பு அங்கேதான் உருவாகிறது. அங்கே வேலை நிற்கவில்லை.

இந்த இரண்டு கம்பெனிகளும் ஒரு காலத்தில் ஒரே கூரையின் கீழ் குடியிருந்தவை என்பது இன்று பலருக்கு நினைவிருக்காது. 1995-ல் பாதிக்குப் பாதி பங்கு போட்டு இரண்டும் ஒரு கூட்டு ஸ்தாபனம் தொடங்கின. அடுத்த வருஷம் மகிந்திராவின் நாசிக் தொழிற்சாலையில் 'எஸ்கார்ட்' கார் தயாராயிற்று. அதுவரை ஜீப்பும் டிராக்டரும் செய்துகொண்டிருந்த கம்பெனி மகிந்திரா. ஒரு காரை எப்படித் திட்டமிடுகிறார்கள், எப்படிச் சோதனை செய்கிறார்கள், உதிரி பாகம் செய்து தருகிறவர்களை எப்படிப் பழக்குகிறார்கள் என்பதையெல்லாம் அதன் ஆட்கள் போர்டு ஆட்களின் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். 1998-ல் போர்டு பெரும்பங்கைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. மகிந்திரா ஒதுங்கியது. நான்கு வருஷம் கழித்து, 2002-ல், அது சொந்தமாக 'ஸ்கார்ப்பியோ' என்ற வண்டியைச் செய்து வெளியிட்டது. அந்த வண்டி ஓடாத ஜில்லா இந்தியாவில் உண்டா?

2019-ல் இரண்டும் மறுபடி கூடிப் பேசின. இந்தத் தடவை நிலைமை தலைகீழ். இந்தியாவில் போர்டின் தொழிலை நடத்துகிற பொறுப்பு, 51 சதவிகிதப் பங்குடன், மகிந்திராவுக்கு என்று ஏற்பாடு. அந்த ஏற்பாடு 2020 டிசம்பர் 31-ந் தேதி கைவிடப்பட்டது. ஒன்பது மாதத்துக்குள் மறைமலை நகரின் தலையெழுத்து முடிவாகிவிட்டது. ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக 2024 செப்டம்பரில் போர்டு தமிழக சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தது உண்மைதான். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்பே வெளியே போனவர்கள் எங்கெங்கே போனார்களோ!

போட்டி போடுகிற இரண்டு கம்பெனிகள் ஏன் கைகோக்கின்றன? கூடியபின் யார் யாருக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள்? பிரிகிறபோது யார் மூட்டையில் என்ன இருக்கிறது? உலகத்து மோட்டார் கம்பெனிகளில் பாதி இன்று ஏதாவதொரு போட்டிக் கம்பெனியோடு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற சமயம் இது. கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒரே கார், இரண்டு பெயர்

டொயோட்டா கடையில் 'கிளான்ஸா' என்று விற்கிற கார், மாருதி கடையில் 'பலேனோ' என்று விற்கிற காரேதான். 2019-லிருந்து இப்படி நடக்கிறது. மாருதியின் 'கிராண்ட் விட்டாரா' 2022-ல் வந்தது. அது தயாரானது பெங்களூருக்கு அருகே பிடதியில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையில்! மாருதியின் தாய்க் கம்பெனியான சுஸுகிக்குச் சின்னக் கார்களை மலிவாகச் செய்யத் தெரியும். பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் கலப்பு இன்ஜின் டொயோட்டாவிடம் இருக்கிறது. இவனிடம் அரிசி, அவனிடம் பருப்பு. 2019-ல் ஒருவர் கம்பெனியில் மற்றவர் சிறிது பங்கும் வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாச் சம்பந்தமும் இப்படிக் கூடி வருவதில்லை. ஜப்பானின் ஹோண்டாவும் நிஸ்ஸானும் ஒன்றாகிவிடலாம் என்று 2024 டிசம்பரில் பேச்சு ஆரம்பித்தன. 2025 பிப்ரவரியில் பேச்சு முறிந்தது. நிஸ்ஸானைத் தனக்குக் கீழ்ப்பட்ட கம்பெனியாக வைத்துக்கொள்ளலாம் என்று ஹோண்டா சொன்னதை நிஸ்ஸான் ஏற்கவில்லை. ஒரகடத்தில் 2010-லிருந்து ரெனோவும் நிஸ்ஸானும் கூட்டாக நடத்திய தொழிற்சாலையிலும், நிஸ்ஸான் தன் 51 சதவிகிதப் பங்கை ரெனோவுக்கே விற்றுவிட 2025 மார்ச்சில் சம்மதித்தது.

இவற்றையெல்லாம் பத்திரிகையில் படிக்கிறபோது பங்கு எத்தனை, பணம் எத்தனை என்றுதான் கண் போகிறது. பங்குக் கணக்கு வக்கீல்களுக்கு முக்கியம். ஆனால் பத்து வருஷம் கழித்து எந்த ஊரில் ஆலை ஓடும், எந்த ஊரில் ஓடாது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது வேறு ஒரு கணக்கு: யார் கற்றுக்கொண்டார்கள் என்பது. இதற்கு அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து பிரீமாண்ட் நகரைப் போலத் தெளிவான சாட்சி வேறில்லை.

மூடிய ஆலை

பிரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார்த் தொழிற்சாலை 1960-களின் ஆரம்பத்தில் திறந்தது. அந்நாளில் உலகத்திலேயே அதிகக் கார் விற்கிற கம்பெனி அதுதான். ஆனால் பிரீமாண்ட் ஆலைக்கு இருந்த பெயர் வேறு. காலையில் ஷிப்ட் ஆரம்பிக்கும். நூற்றுக்கு இருபது பேர் வந்திருக்க மாட்டார்கள். ஆள் சேராமல் வேலை தொடங்க முடியாத நாட்களும் உண்டு. வேலை நேரத்திலேயே மது அருந்தியதைத் தொழிலாளர்களே பிற்காலத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். மேஸ்திரிமார் மேல் கோபம் வந்தால் காருக்குள் வேண்டுமென்றே பழுது வைத்து அனுப்புவார்கள். நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் ஓயாத சண்டை. புகார் மனுக்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. 1982-ல் கம்பெனி ஆலையை இழுத்துப் பூட்டியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன.

அதே சமயத்தில் ஜப்பானுக்கு ஒரு நெருக்கடி. ஜப்பானியக் கார்கள் அமெரிக்கச் சந்தையில் வந்து குவிவதைக் கண்டு அமெரிக்கா முகம் சுளித்தது. 1981-ல் ஜப்பான் தன் ஏற்றுமதியை வருஷத்துக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கார்கள் என்று தானே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அமெரிக்காவிலேயே ஆலை வைத்தால் தொல்லை தீரும். ஆனால் அமெரிக்கத் தொழிலாளியை வைத்து வேலை வாங்க முடியுமா என்று டொயோட்டாவுக்குப் பயம். சங்கம் என்றால் இன்னும் பயம். முதலில் போர்டு கம்பெனியோடு பேசிப் பார்த்தது. சரிப்படவில்லை. பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரோஜர் ஸ்மித்தும் டொயோட்டாவின் எய்ஜி டொயோடாவும் பேசினார்கள். 1983 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆயிற்று.

ஆளுக்குப் பாதி பங்கு. ஆலை அமெரிக்கக் கம்பெனியுடையது. நிர்வாகம் டொயோட்டாவுடையது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு இதில் என்ன ஆசை? சின்னக் காரை லாபத்தில் செய்ய அதற்குத் தெரியவில்லை. டொயோட்டா அதை எப்படிச் செய்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்துவிடலாம் என்று எண்ணியது. டொயோட்டாவுக்கோ அமெரிக்கத் தொழிலாளி, அமெரிக்கச் சட்டம், அமெரிக்க உதிரி பாகக்காரர் ஆகிய மூன்றையும் அடுத்தவர் ஆலையிலேயே பழகிக்கொள்ளலாம் என்று கணக்கு. இரண்டு பேருமே மாணவர்கள். இரண்டு பேருமே வாத்தியார்கள்.

கூடுவதா, கூட்டுச் சேர்வதா?

இந்த ஒப்பந்தத்தைக் கேட்டதும் மூன்றாவது கம்பெனியான கிரைஸ்லர் கூச்சலிட்டது. அதன் தலைவர் லீ அயகோக்கா, உலகத்தின் பெரிய கம்பெனியும் ஜப்பானின் பெரிய கம்பெனியும் சேர்ந்துகொண்டால் மற்றவர்கள் கதி என்ன என்று கேட்டார். கிரைஸ்லர் கோர்ட்டுக்கும் போயிற்று. வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க கமிஷனில் ஐந்து அங்கத்தினர்களில் மூன்று பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அனுமதி கிடைத்தது.

அனுமதியோடு நிபந்தனைகளும் வந்தன. ஜெனரல் மோட்டார்ஸுக்கு வருஷத்தில் இரண்டரை லட்சம் கார்களுக்கு மேல் செய்து தரக்கூடாது. பன்னிரண்டு வருஷத்தில் கூட்டு முடிய வேண்டும். மிகவும் கவனிக்க வேண்டியது இன்னொன்று: மற்றக் கார்களின் விலை, விற்பனைத் திட்டம் போன்ற ரகசியங்களை இரண்டு கம்பெனிகளும் பரிமாறிக்கொள்ளக் கூடாது. வேலை செய்யும் வித்தையைச் சொல்லிக் கொடுக்கலாம். விலையைப் பேசிக்கொள்ளக் கூடாது. (இந்த நிபந்தனைகள் 1993-ல் நீக்கப்பட்டன.)

இந்தக் கோடு மிகவும் முக்கியமானது. வித்தையைப் பகிர்ந்தால் சரக்கு நல்லதாகிறது, வாங்குகிறவனுக்கு லாபம். விலையைப் பகிர்ந்தால் வாங்குகிறவன் தலையில் கை. நம் நாட்டிலேயே 2012-ல் சிமெண்டுக் கம்பெனிகள் பதினொன்றும் அவற்றின் சங்கமும் விலை, உற்பத்தி விவரங்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டு கூட்டுச் சேர்ந்ததாகக் கூறி, போட்டிக் கமிஷன் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மறுத்தன. வழக்கு மேல்முறையீட்டில் வருஷக்கணக்கில் இழுபட்டது. வீடு கட்டப் புறப்பட்டு மூட்டை விலையைக் கேட்டு மலைத்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தொங்கிய கயிறு

பிரீமாண்டுக்குத் திரும்புவோம். புதிய கம்பெனி ஆள் எடுத்தது. எடுத்தவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் பழைய ஆட்கள். அதாவது வேலைக்கு வராதவர்கள், குடித்தவர்கள், சண்டை போட்டவர்கள் என்று பெயர் வாங்கிய அதே கூட்டம். சங்கமும் அதே சங்கம். இவர்களில் சில நூறு பேரை டொயோட்டா தன் செலவில் ஜப்பானுக்கு அழைத்துப் போய், தகவோகா ஆலையில் மூன்று வாரம் போல வேலை பழக்கியது.

அங்கே அவர்கள் கண்டது ஒரு கயிறு. வரிசையாகக் கார்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஓர் ஆணி சரியாக ஏறவில்லை, ஒரு கதவு பொருந்தவில்லை என்றால் தொழிலாளி தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுப்பான். மணி அடிக்கும். விளக்கு எரியும். குழுத் தலைவன் ஓடி வருவான். 'ஏன் இழுத்தாய்?' என்று அதட்ட மாட்டான், 'என்ன தகராறு?' என்று கேட்பான். இருவருமாகச் சரி செய்வார்கள். முடியாவிட்டால் வரிசையே நின்றுவிடும்.

அமெரிக்கத் தொழிலாளிகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் ஊரில் வரிசையை நிறுத்துவது மகா பாவம். கோணலாகப் பொருந்தினாலும் கார் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பிறகு வெளி மைதானத்தில் நிறுத்தி, பிரித்து, தட்டிச் சரிசெய்வார்கள். எத்தனை கார் என்பதுதான் மானேஜரின் சம்பளத்துக்குக் கணக்கு. எப்படிப்பட்ட கார் என்பது வாங்குகிறவன் பாடு.

1984 டிசம்பரில் பிரீமாண்டின் புதுக் கார் வெளியே வந்தது. பழைய ஆலையில் 80-க்கு மேற்பட்ட பிரிவுகளாக இருந்த வேலைப் பாகுபாடு, இரண்டு மூன்று பிரிவுகளாகக் குறைந்திருந்தது. வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேராகக் குறைந்தார்கள். ஓர் ஆள் செய்கிற வேலை, பழைய ஆலையைவிட ஏறக்குறைய இரண்டு பங்காயிற்று. இத்தனைக்கும் வானத்திலிருந்து யந்திரம் எதுவும் வந்து இறங்கவில்லை.

வந்து இறங்கியது நம்பிக்கை. கம்பெனியின் உயிருக்கே ஆபத்து வந்தாலன்றி ஆட்குறைப்புக் கிடையாது, அதற்கு முன் மேலதிகாரிகளின் சம்பளத்தில் கை வைக்கப்படும் என்று சங்கத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். 1988-ல் சோதனை வந்தது. விற்பனை சரிந்து ஆலையில் வேலை வெகுவாகக் குறைந்தது. ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மிச்ச நேரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். ஆலையைச் செப்பனிட வைத்தார்கள். 'கயிற்றை இழு, உன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள்' என்று சொன்ன வார்த்தையை அதன் பிறகுதான் தொழிலாளி முழுவதும் நம்பியிருப்பான்.

இடையில் ஒரு வேடிக்கை. அந்த ஆலையில் ஒரே காருக்கு இரண்டு பெயர் வைத்து விற்றார்கள். அமெரிக்கப் பெயரில் 'பிரிஸம்', ஜப்பானியப் பெயரில் 'கரோலா'. ஒரே கை செய்தது, ஒரே இரும்பு. ஆனாலும் ஜனங்கள் கரோலாவுக்கே அதிக விலை கொடுத்தார்கள். மூளை எங்கிருந்து வந்தது என்று வாங்குகிறவர்களுக்கும் தெரிந்திருந்தது போலும்!

போட்டோ எடுத்தால் போதுமா?

இப்போது கதையின் முக்கியமான கட்டம். டொயோட்டா எதையும் மறைக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து வந்த மானேஜர்கள் எங்கும் போகலாம், எதையும் கேட்கலாம். வெளியார் பலருக்கு அது ஆச்சரியம். இவ்வளவு பெரிய போட்டிக்காரனுக்குத் தொழில் ரகசியத்தைத் திறந்து காட்டுகிறார்களே, பைத்தியமா?

பைத்தியம் இல்லை. டொயோட்டாவுக்குத் தன் சொந்த அனுபவம் தெரியும். 1950-ல் இதே எய்ஜி டொயோடா, போர்டு கம்பெனியின் மிகப் பெரிய ஆலைக்குப் போய்ப் பல வாரம் தங்கிப் பார்த்தவர். அப்போது டொயோட்டா திவாலின் விளிம்பில் நின்ற சின்னக் கம்பெனி. போர்டும் கதவை மூடவில்லை. தொழிலாளிகளிடம் யோசனை கேட்டு வாங்கும் முறையை அங்கே கண்டு, மறு வருஷமே தங்கள் ஆலையில் ஆரம்பித்தார்கள். ஆனால் போர்டின் பிரம்மாண்டத்தை அப்படியே காப்பியடிக்கவில்லை. அவர்களிடம் அவ்வளவு பணமும் இல்லை, இடமும் இல்லை. டொயோட்டாவின் தாய்ச்ச்சி ஓனோ என்ற இன்ஜினீயர், அமெரிக்க மளிகைக் கடைகளில் விற்ற அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்பும் வழக்கத்தை எண்ணி, தேவையான பாகம் தேவையான வேளையில் மட்டும் வரும் முறையை ஆலைக்குள் வளர்த்தார். பார்த்தது ஒன்று, வீட்டுக்கு வந்து வருஷக்கணக்கில் உழைத்துச் செய்தது வேறொன்று. பார்ப்பதனால் மட்டும் ஒருவனுக்கு வித்தை வந்துவிடாது என்று அறிந்தவர்கள், பார்க்க வருகிறவனைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்?

அவர்கள் எண்ணியபடிதான் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் முதலில் பதினாறு மானேஜர்களை பிரீமாண்டுக்கு அனுப்பியது. அவர்கள் மனம் மாறினார்கள். கற்றுக்கொண்டார்கள். திரும்பியதும் என்ன ஆயிற்று? ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே என்று சிதறடிக்கப்பட்டார்கள். நீச்சல் கற்றவனைக் கிணறு இல்லாத ஊருக்கு மாற்றியது போலத்தான். தெற்குக் கலிபோர்னியாவில் வான் நைஸ் ஆலையில் அதே முறையைப் புகுத்தப் பார்த்தார்கள். கயிறு கட்டினார்கள். ஆனால் வரிசையை நிறுத்தினால் மேஸ்திரி முறைத்தான். மேஸ்திரியை மானேஜர் முறைத்தார். மானேஜரின் சம்பளம் பழைய கணக்கிலேயே இருந்தது. தங்கள் சீனியாரிட்டி உரிமை போய்விடுமோ என்று தொழிலாளர்களும் இரண்டு பட்டார்கள். பிரீமாண்டில் ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுத்து வந்து அப்படியே செய்யச் சொன்ன அதிகாரியும் உண்டாம். யந்திரம் போட்டோவில் விழும், நம்பிக்கை விழுமா? 1992-ல் வான் நைஸ் ஆலை மூடப்பட்டது.

தலைமை ஆபீசில் அந்த வருஷங்களில் வேறு மோகம். ரோபோட் யந்திரங்களை வாங்கிப் போட்டால் ஜப்பானைப் பிடித்துவிடலாம் என்று ஆயிரக்கணக்கான கோடி டாலரைக் கொட்டினார்கள். கையில் இருந்த பள்ளிக்கூடத்தின் பாடம் யந்திரத்தைப் பற்றியது அல்ல என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. ஜெர்மனியில் ஐஸெனாக் நகரில் 1992-ல் புதிதாகக் கட்டிய ஆலையில் பிரீமாண்ட் முறை நன்றாகப் பிடித்துக்கொண்டது. அங்கே மாற்ற வேண்டிய பழைய வழக்கம் குறைவு. பிற்பாடு மற்ற ஆலைகளும் மெல்ல மெல்லத் திருந்தின. ஆனால் காலம் காத்திருக்கவில்லை.

டொயோட்டாவின் பக்கத்தைப் பாருங்கள். பிரீமாண்டின் முதல் கார் வந்து ஒரு வருஷத்தில், 1985 டிசம்பரில், கென்டக்கி மாகாணத்தில் முழுக்க முழுக்கத் தன் சொந்த ஆலை என்று அறிவித்துவிட்டது. 1988-ல் அங்கே கார் வந்தது. 2008-ல் உலக விற்பனையில் ஜெனரல் மோட்டார்ஸை முதல் தடவையாக முந்தியது. எழுபத்தேழு வருஷம் முதலிடத்தில் இருந்த கம்பெனி இரண்டாவதாயிற்று. அடுத்த வருஷம் ஜூன் 1-ந் தேதி அது திவால் மனு கொடுத்தது. திவாலுக்குப் பென்ஷன் பாரம், வங்கி நெருக்கடி என்று வேறு பல காரணங்களும் உண்டு. பழியை முழுவதும் கயிற்றின் மேல் போட முடியாது.

திவாலான கம்பெனி பிரீமாண்டை விட்டு விலகியது. தனியாக நடத்த டொயோட்டாவுக்கு மனம் இல்லை. 2010 ஏப்ரல் 1-ந் தேதி ஆலை மூடப்பட்டது. இருபத்தைந்து வருஷத்தில் சுமார் 80 லட்சம் வண்டிகள் செய்த கைகள். ஏறக்குறைய 4,700 பேர் வெளியே போனார்கள். ஆட்குறைப்பு இல்லை என்று வாக்குக் கொடுத்த வீட்டுக்கே உரிமையாளர் இல்லாமல் போய்விட்டார். தவறு செய்தது தலைமை ஆபீஸ், தண்டனை ஆலைக்கு. சிறந்த மாணவனாக இருந்தும் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து அவனும் வெளியே தள்ளப்பட்டான்.

அந்த ஆலையை 2010-லேயே டெஸ்லா என்ற மின்சாரக் கார் கம்பெனி 4 கோடி 20 லட்சம் டாலருக்கு வாங்கியது. அப்போது அந்தக் கம்பெனியில் 5 கோடி டாலர் முதலீடு செய்தது யார் தெரியுமா? டொயோட்டாதான்!

ஓசூரில் நடந்தது

பிரீமாண்டில் கார் வந்த அதே 1984-ம் வருஷத்தில் இந்தியாவிலும் இரண்டு சம்பந்தங்கள் கூடின. ஹீரோ கம்பெனி ஜப்பானின் ஹோண்டாவோடு சேர்ந்தது. ஓசூரில் டி.வி.எஸ். குழுவினர் சுஸுகியோடு சேர்ந்து செய்த 100 சி.சி. மோட்டார் சைக்கிள் ரோட்டுக்கு வந்தது.

ஹீரோ ஹோண்டா கொடிகட்டிப் பறந்தது. 2001-ல் உலகத்திலேயே அதிக இருசக்கர வண்டி விற்கும் கம்பெனி ஆயிற்று. ஆனால் இன்ஜின் வித்தை ஹோண்டாவின் கையிலேயே இருந்தது. 1999-ல் ஹோண்டா இந்தியாவில் தனக்கென்று தனிக் கம்பெனியும் தொடங்கிவிட்டது. வீட்டுக்குள் பங்காளி, வெளியே போட்டியாளி! 2010 டிசம்பரில் பிரிவினை முடிவாயிற்று. பணம் குறையாத ஹீரோ, ஜெய்ப்பூரில் பெரிய ஆராய்ச்சி நிலையம் கட்டி 2016-ல் திறந்தது. விற்பனையில் அது சளைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இருபத்தைந்து வருஷம் தள்ளிப்போட்ட பாடத்தை அவசர அவசரமாகப் படிக்க வேண்டியிருந்தது.

ஓசூர்க்காரர்களுக்கு அவ்வளவு சுகவாழ்வு கிட்டவில்லை. விற்பனையில் பின்தங்கினார்கள். அதுவே ஒரு விதத்தில் நன்மையாயிற்று. ஜப்பானியப் பேராசிரியர்களை வரவழைத்து, தரக் கட்டுப்பாட்டை அடிமட்டத் தொழிலாளி வரை கற்பித்தார்கள். சுஸுகியோடு கூட்டு இருக்கும்போதே 1994-ல் சொந்த அமைப்பில் 'ஸ்கூட்டி'யைச் செய்து பார்த்தார்கள். 2001-ல் சுஸுகியின் பங்கை வாங்கிக்கொண்டு பிரிந்தார்கள். தொலைந்தார்கள் என்று பலர் நினைத்தார்கள். அதே வருஷம் 'விக்டர்' என்ற மோட்டார் சைக்கிள், முழுவதும் சொந்த மூளையில் செய்தது, வெளியே வந்தது. மறு வருஷம், தரத்துக்காக ஜப்பானில் அளிக்கப்படும் டெமிங் பரிசு கிடைத்தது. 2013-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தானே தேடி வந்து கூட்டுச் சேர்ந்தது. அந்தக் கம்பெனியின் சின்ன மோட்டார் சைக்கிள்கள் ஓசூரில் தயாராகி வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறின.

வாத்தியார் மாறினார்

1984-ல் இன்னும் ஒரு கூட்டும் நடந்தது. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி சீனாவில் ஷாங்காய் நகரத்துக் கார்க் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. வெளிநாட்டான் கார் செய்ய வேண்டுமானால் உள்ளூர்க் கம்பெனியோடு சேர்ந்துதான் செய்யலாம் என்று சீன சர்க்கார் பிற்பாடு சட்டமே வைத்திருந்தது. 2022-ல்தான் பயணிகள் கார்களுக்கு அந்தக் கட்டு முழுவதும் விலக்கப்பட்டது. உலகத்தின் பெரிய கம்பெனிகள் எல்லாம் வரிசையாகப் போய்ச் சேர்ந்தன. லாபமும் எடுத்தன. கூட்டுச் சேர்ந்த சீனக் கம்பெனிகள் பல, அந்த வசதியான லாபத்திலேயே நெடுநாள் சாய்ந்திருந்தன. ஆனால் அந்தக் கூட்டு ஆலைகளைச் சுற்றி உதிரி பாகம் செய்கிறவர்களும், இன்ஜினீயர்களும், வேலை பழகிய லட்சக்கணக்கான கைகளும் வளர்ந்தன. மின்சாரக் கார் வந்தபோது அந்த மண்ணில் புதுக் கம்பெனிகள் முளைத்தன.

இன்று காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. 2020-ல் டொயோட்டா, மின்சாரக் கார் செய்வதற்காகச் சீனாவின் பி.ஒய்.டி. கம்பெனியோடு கூட்டு ஆராய்ச்சி ஸ்தாபனம் அமைத்தது. 2023-ல் வோக்ஸ்வாகன், 2014-ல் தொடங்கிய எக்ஸ்பெங் என்ற சீனக் கம்பெனியில் சுமார் 70 கோடி டாலர் போட்டு ஐந்து சதவிகிதம் போலப் பங்கு வாங்கியது. சீனச் சந்தைக்கான இரண்டு புதுக் கார்களை அதோடு சேர்ந்து உருவாக்குவது என்று ஏற்பாடு. பங்கு சிறியது. அந்தப் பணத்துக்கு ஜெர்மானியர் வாங்க விரும்பியது காரின் மூளையைச் செய்யும் வித்தையையும், அதை விரைவில் செய்யும் பழக்கத்தையும்.

அதற்காக வோக்ஸ்வாகன் சீனாவின் ஹெஃபே நகரில் பெரிய ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. அங்கே கற்கிற ஜெர்மானிய இன்ஜினீயர்கள் ஊர் திரும்பும்போது, தலைமை ஆபீஸ் அவர்களை ஒரே இடத்தில் சேர்த்து உட்கார வைக்குமா, ஆளுக்கொரு மூலையாகச் சிதறடிக்குமா என்பது இனிமேல்தான் தெரியும்.